ஒலியலைகளால் நவீனப் பொருள்களை ஆராய்வது எப்படி?

சந்தையில் மண்பானை வாங்குகிறவர் அதன் நிறத்தையும் வடிவத்தையும் பார்த்துவிட்டு, கடைசியில் விரலை மடக்கிச் சுண்டிப் பார்ப்பார். கணீரென்று ஒலித்தால் பானை நன்றாக வெந்திருக்கிறது. அடைத்த குரல் போல வந்தால் எங்கோ கீறல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காது கண்டுபிடித்துவிடுகிறது. அதுவும் பானையை உடைக்காமலே. விமான இறக்கை, அணு உலைக் குழாய், கணினிச் சில்லு, மீக்கடத்தி ஆகியவற்றை ஒலியலைகளால் ஆராயும் விஞ்ஞானிகள் செய்வதும் அடிப்படையில் இதுவே. விரலுக்குப் பதிலாக ஒரு படிகத் துண்டோ லேசர் ஒளியோ தட்டுகிறது. காதுக்குப் பதிலாக மின்கருவி கேட்கிறது.

புகழ்பெற்ற ஒரு நவீனப் பொருளின் கதையே இப்படித் தட்டியதில் தொடங்கியதுதான். 1959-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் இருந்த கடற்படைப் படைக்கல ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் என்ற உலோகவியலாளர், ஏவுகணையின் முனைக்கு ஏற்ற உலோகக்கலவையைத் தேடிக்கொண்டிருந்தார். நிக்கலையும் டைட்டானியத்தையும் உருக்கி வார்த்த கட்டைகளில் ஆறிப்போன ஒன்றை சிமெண்டுத் தரையில் போட்டார். ஈயக்கட்டி விழுந்தது போல 'தொப்' என்ற ஒலி. வார்ப்பில் வெடிப்பு விழுந்துவிட்டதோ என்று ஐயப்பட்டு, இன்னும் சூடாக இருந்த மற்றொன்றைப் போட்டார். அது மணி போல ஒலித்தது. உடனே சூடான கட்டையைக் குளிர்ந்த நீரில் காட்டி மறுபடி போட்டார். அதுவும் 'தொப்' என்றது.

ஒரே கலவை, ஒரே வார்ப்பு. மாறியது வெப்பநிலை மட்டும். அப்படியானால் வெப்பநிலை மாறும்போது அந்த உலோகத்தின் அணுக்களின் அடுக்கமைப்பே மாறுகிறது என்று அவர் புரிந்துகொண்டார். பின்னால் ஒரு கூட்டத்தில் மடித்து நெளித்த அந்த உலோகப் பட்டையின் கீழே ஒருவர் லைட்டர் நெருப்பைக் காட்ட, அது தானாகவே நீண்டு பழைய வடிவத்துக்கு வந்தது. இன்று இரத்தக்குழாய்களில் வைக்கும் ஸ்டென்ட்களிலும் பல் சீரமைப்புக் கம்பிகளிலும் பயன்படும் நிட்டினால் என்ற வடிவ நினைவு உலோகக்கலவை இதுதான். அதன் தனித்தன்மை கண்ணுக்குப் புலப்படும் முன்பே காதுக்குப் புலப்பட்டுவிட்டது.

ஒலிக்கு ஏன் இந்த ஆற்றல்? ஒலியலை என்பது பொருளின் உள்ளே நடக்கும் ஒரு மெல்லிய தள்ளல். ஓர் அணு அடுத்த அணுவைத் தள்ளுகிறது, அது அதற்கடுத்ததைத் தள்ளுகிறது. ஆகவே ஒலி எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது, அந்த அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஒளியோ எக்ஸ் கதிரோ அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று நன்றாகச் சொல்லும். அவற்றுக்கிடையே உள்ள பிடிப்பின் வலிமையைக் கேட்க வேண்டுமானால் தள்ளித்தான் பார்க்க வேண்டும்.

அடர்த்தி கூடினால் ஒலியின் வேகம் கூடுமா?

இந்த இடத்தில் வகுப்பறைகளில் நெடுங்காலமாக உலவும் ஒரு தவறைச் சொல்லிவிட வேண்டும். "அடர்த்தி அதிகமான பொருளில் ஒலி வேகமாகச் செல்லும்" என்று பல மாணவர்கள் எழுதுவார்கள். நானும் ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர், நீரில் 1,480, எஃகில் 5,900 என்று கரும்பலகையில் வரிசையாக எழுதினால் அது உண்மை போலவே தோன்றும். ஒரு நாள் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன், "அப்ப ஈயத்துல இன்னும் வேகமாப் போகணுமே சார்?" என்று கேட்டான். ஈயத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு 11,340 கிலோகிராம். எஃகின் அடர்த்தி சுமார் 7,850. ஆனால் ஈயத்தில் ஒலியின் வேகம் சுமார் 2,200 மீட்டர்தான். எஃகில் உள்ளதில் பாதிகூட இல்லை! மறுநாள் வகுப்பில் முந்தைய பாடத்தைத் திருத்திச் சொல்ல வேண்டியதாயிற்று.

சரியான விதி இது: ஒலி வேகத்தின் இருமடி, பொருளின் மீட்சிக் குணகத்தை அதன் அடர்த்தியால் வகுத்தால் கிடைக்கும் எண். மீட்சிக் குணகம் என்பது பொருள் எவ்வளவு விறைப்பானது, அதாவது உருக்குலைக்க முயலும்போது எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு. அடர்த்தி கூடினால் வேகம் உண்மையில் குறைகிறது. விறைப்பு கூடினால் வேகம் கூடுகிறது. எஃகு நீரைவிட ஏறத்தாழ 8 மடங்கு கனமானது. ஆனால் அதன் விறைப்பு அதைவிடப் பல மடங்கு அதிகம். வைரத்தின் அடர்த்தி எஃகில் பாதிக்கும் குறைவு. ஆனால் அதன் அணுப்பிணைப்புகள் மிக இறுக்கமானவை. அதனால் வைரத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 17,500 மீட்டர் வேகத்தில் பாய்கிறது.

மெல்லிய எஃகுக் கம்பியையும் அலுமினியக் கம்பியையும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எஃகின் யங் குணகம் 200 கிகா பாஸ்கல், அலுமினியத்துக்கு 70. அடர்த்தி முறையே 7,850, 2,700. வகுத்து வர்க்கமூலம் கண்டால் இரண்டிலும் வினாடிக்கு 5,050 முதல் 5,100 மீட்டர் வரைதான் வருகிறது. ஒன்று மற்றதைவிட மும்மடங்கு கனம், மும்மடங்கு விறைப்பு. வேகம் ஏறத்தாழ ஒன்றே. எனவே வேகத்தை மட்டும் வைத்துப் பொருள் இன்னதென்று சொல்ல முடியாது. அடர்த்தியையும் அளந்துகொண்டால்தான் ஒலி நமக்கு விறைப்பைச் சொல்லும். (மேலே எஃகுக்கு 5,900 என்றும் இங்கே 5,050 என்றும் வருவதைக் கவனித்திருப்பீர்கள். கம்பி மெல்லியதாக இருந்தால் அமுங்கும்போது பக்கவாட்டில் விரிந்து கொடுக்கிறது, அதனால் வேகம் குறைகிறது. பெரிய கட்டியின் நடுவே அப்படி விரிய இடமில்லை.)

திண்மப் பொருளில் இன்னொரு வசதியும் உண்டு. காற்றில் நெட்டலை மட்டுமே செல்லும். திண்மத்தில் நெட்டலையோடு, பக்கவாட்டில் அசைந்துகொண்டே முன்னேறும் குறுக்கலையும் செல்லும். எஃகில் குறுக்கலையின் வேகம் வினாடிக்குச் சுமார் 3,200 மீட்டர். அதன் இருமடியை அடர்த்தியால் பெருக்கினால் ஏறத்தாழ 80 கிகா பாஸ்கல் வருகிறது. எஃகின் விறைப்புக் குணகத்துக்குப் பாடநூல் தரும் மதிப்பும் அதுவே. இரு அலைகளின் வேகமும் அடர்த்தியும் தெரிந்தால், எல்லாத் திசையிலும் ஒரே தன்மை கொண்ட ஒரு பொருளின் யங் குணகம், விறைப்புக் குணகம், பருமக் குணகம், பாய்சான் விகிதம் எல்லாவற்றையும் கணக்கிட்டுவிடலாம். கம்பியில் எடைக்கற்களைத் தொங்கவிட்டு நீட்சி அளக்கும் பழைய சோதனைக்குக் கம்பி வேண்டும், எடை வேண்டும், சில வேளை கம்பி அறுந்தும் போகும். ஒலிக்கு ஒரு சிறு துண்டு போதும். அலை கடக்கும்போது பொருள் உருமாறும் அளவு மிகமிகச் சிறியது. அலை போனதும் பொருள் பழையபடி இருக்கும்.

தட்டுவதும் கேட்பதும்

காதுக்குக் கேட்கும் ஒலி இந்த வேலைக்கு அவ்வளவாகப் பயன்படாது. காரணம் அலைநீளம். எஃகில் 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 6 மீட்டர். அத்தனை நீண்ட அலை ஒரு மில்லிமீட்டர் விரிசலைக் கண்டுகொள்ளாமலே கடந்துவிடும். 5 மெகா ஹெர்ட்ஸ் மீயொலியானால் அலைநீளம் 1.2 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. அலைநீளத்தின் அளவை ஒட்டிய குறைகள்தான் அலையைத் தெளிவாகத் திருப்பி அனுப்பும். ஆகவே சிறியதைப் பார்க்க அதிர்வெண்ணை உயர்த்த வேண்டும்.

அவ்வளவு விரைவாகத் தட்டுவது எப்படி? அதற்கான வழியை 1880-இல் பிரான்சில் ஷாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் திறந்துவைத்தார்கள். குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றுவதை அவர்கள் கண்டார்கள். இதுவே அழுத்தமின் விளைவு. மறுதலையாக, படிகத்துக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அது சுருங்கி விரியும். ஆகவே ஒரே படிகம் தட்டும் விரலாகவும் கேட்கும் காதாகவும் இருக்க முடியும். முதல் உலகப் போரின்போது பால் லாஞ்சவின் இதைக் கொண்டு நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய முயன்றார். உலோகத்துக்குள் மீயொலியைச் செலுத்திக் குறைகளைக் கண்டறியலாம் என்று 1920-களின் இறுதியில் லெனின்கிராடில் செர்கேய் சொகோலோவ் முன்மொழிந்தார். 1940-களில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன், ஒரு குறுந்துடிப்பை அனுப்பி அதன் எதிரொலியைக் கேட்கும் கருவியை உருவாக்கினார். இன்றும் பட்டறைகளில் உள்ள மீயொலிச் சோதனைக் கருவிகள் அந்த மரபில் வந்தவையே.

10 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகட்டில் துடிப்பு மறுபக்கம் போய்த் திரும்ப 3.4 மைக்ரோ வினாடி ஆகும். 2 மைக்ரோ வினாடியிலேயே ஓர் எதிரொலி வந்துவிட்டால், சுமார் 6 மில்லிமீட்டர் ஆழத்தில் ஏதோ இருக்கிறது. விரிசலில் இருப்பது பெரும்பாலும் காற்று. எஃகிலிருந்து காற்றுக்குள் ஒலி நுழையவே நுழையாது என்று சொல்லிவிடலாம்; கிட்டத்தட்ட முழுவதும் திரும்பி வந்துவிடும். முடியளவு மெல்லிய விரிசல்கூட ஒலிக்குச் சுவர்தான். இதே காரணத்தால்தான் கருவிக்கும் பொருளுக்கும் இடையே காற்று புகாதபடி நீரோ எண்ணெயோ களிம்போ தடவுகிறார்கள். மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும் முன் வயிற்றில் குளிர்ச்சியாக ஒரு களிம்பு தடவுவது எதற்கென்று இப்போது புரிந்திருக்கும்.

அடுக்கடுக்கான பொருளில்

எஃகுக்கு எந்தத் திசையில் அளந்தாலும் ஏறத்தாழ ஒரே விடை. நவீனக் கூட்டுப்பொருள்கள் அப்படியல்ல. கார்பன் இழைகளை ஒரு திசையில் அடுக்கிப் பிசினில் தோய்த்து இறுக்கிய தகட்டில், இழை ஓடும் திசையில் ஒலி வினாடிக்கு 9,000 மீட்டரை ஒட்டிய வேகத்தில் போகும். குறுக்கே 3,000 மீட்டரை ஒட்டித்தான் போகும். மரத்தை நார்ப்போக்கில் பிளப்பது எளிது, குறுக்கே வெட்டுவது கடினம் என்பது தச்சருக்குத் தெரியும். அதே திசை வேறுபாட்டை ஒலி எண்களாகத் தருகிறது. பொறியாளர் எந்தத் திசையில் எத்தனை அடுக்கு வைக்கலாம் என்று முடிவுசெய்ய அந்த எண்கள் வேண்டும்.

போயிங் 787 விமானத்தின் கட்டமைப்பில் எடைக்கணக்கில் பாதியளவு கூட்டுப்பொருள்கள்தான். உலோகத் தகட்டில் ஒரு ஸ்பேனர் விழுந்தால் பள்ளம் தெரியும். கார்பன் இழைத் தகடு மீண்டும் நிமிர்ந்துகொள்ளும். மேற்பரப்பில் தடயமே இல்லாமல் உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கலாம். அமுக்கும் விசை வரும்போது பிரிந்த அடுக்குகள் தனித்தனி அட்டை போல வளைந்துவிடும். எனவே இத்தகைய பாகங்களை நீர்த்தொட்டியில் அமிழ்த்தியோ நீர்த்தாரை வழியாகவோ மீயொலியால் வரிவரியாகத் துழாவி ஒரு வரைபடம் எடுக்கிறார்கள். பிரிந்த இடம் அதில் வேறு நிறத்தில் தெரியும். எதிரொலி திரும்பிய நேரத்தைக் கொண்டு பிரிவு எத்தனையாவது அடுக்கில் என்றும் சொல்லலாம்.

முழுப் பொருளையும் ஒலிக்கச் செய்தல்

எதிரொலி முறைக்கு ஓரளவு பெரிய துண்டு வேண்டும். புதிதாகக் கண்டறியப்படும் பொருள்களோ பல வேளை அரிசிமணி அளவுப் படிகமாகத்தான் கிடைக்கும். அப்போது வேறு வழி: துண்டைக் கனசெவ்வகமாகத் தேய்த்து, அதன் இரு மூலைகளை மட்டும் இரண்டு படிகங்களுக்கிடையே மெல்லத் தொடவைத்து, ஒரு பக்கம் அதிர்வெண்ணைப் படிப்படியாக உயர்த்திக்கொண்டே போவார்கள். துண்டின் இயல்பு அதிர்வெண்ணோடு பொருந்தும்போதெல்லாம் மறுபக்கப் படிகத்தில் சைகை எகிறும். ஒத்ததிர்வுக் குழாயில் நீர்மட்டத்தை இறக்கிக்கொண்டே வந்து ஒலி பெருகும் இடத்தைக் குறித்துக்கொள்ளும் பள்ளிச் சோதனையின் பெரிய அண்ணன் இது. இங்கே ஓர் ஒத்ததிர்வு அல்ல, பல பத்து ஒத்ததிர்வுகள். அவை அனைத்துக்கும் பொருந்தும் மீட்சிக் குணகங்களைக் கணினி தேடிக் கண்டுபிடிக்கிறது. எல்லாத் திசையிலும் ஒரே தன்மையான பொருளுக்கு 2 எண்கள், கனசதுரப் படிகத்துக்கு 3, மிகக் குறைந்த சமச்சீர் கொண்ட படிகத்துக்கு 21. அத்தனையும் ஒரே துண்டிலிருந்து, ஒரே அளவீட்டில் கிடைத்துவிடும். இந்த மீயொலி ஒத்ததிர்வு முறையை 1990-களில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஆல்பர்ட் மிக்லியோரியும் உடன் உழைத்தவர்களும் வளர்த்தெடுத்தார்கள். அதன் வேர்கள் புவியியலில் இருந்தன.

புவியியல் என்றதும் ஒரு சுவையான செய்தி நினைவுக்கு வருகிறது. 1969-இல் அப்போலோ 11 கொண்டுவந்த நிலவுக் கற்களில் ஒலியின் வேகத்தை அளந்தபோது, அது எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக, வினாடிக்கு 2 கிலோமீட்டருக்கும் கீழே இருந்தது. பூமியில் இதையொத்த எரிமலைப் பாறையில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். 1970-இல் ஷ்ரைபர், ஆண்டர்சன் என்ற இருவர் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். நிலவுக் கல்லின் ஒலிவேகத்தை ஒட்டிவருவது எது என்று தேடி, பலவகைப் பாலாடைக்கட்டிகளின் ஒலிவேகத்தை அட்டவணையாகத் தந்திருந்தார்கள்! நிலவு பாலாடைக்கட்டியால் ஆனது என்ற மேலைநாட்டுப் பழங்கதையை வைத்து அவர்கள் செய்த வேடிக்கை அது. வேடிக்கைக்குள் ஒரு பாடமும் உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகள் விண்கற்கள் மோதி மோதி நிலவுக் கல் முழுவதும் நுண்விரிசல்கள். அவற்றில் நீரும் இல்லை, காற்றும் இல்லை. விரிசல் நிறைந்த கல் விறைப்பு குறைந்த கல். ஆகவே ஒலி மெதுவாகப் போகிறது. கல்லை அழுத்தத்துக்கு உட்படுத்தினால் விரிசல்கள் மூடிக்கொள்ள, வேகம் ஏறுகிறது. வேதியியல் ஆய்வு கல் எதனால் ஆனது என்று சொல்லும். அது பட்ட அடியைச் சொன்னது ஒலி.

நம் பக்கத்துக் கற்களுக்கும் இந்தச் சோதனை நடந்திருக்கிறது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள் ஹம்பி விட்டலர் கோயிலின் இசைத்தூண்களை மீயொலி உள்ளிட்ட முறைகளால், தூணுக்குச் சேதமின்றி ஆராய்ந்தார்கள். தூண்கள் உள்ளே குடையப்பட்டவை அல்ல, திண்மக் கற்களே என்பதும், அவை வளைந்து அதிர்வதால் இசை பிறக்கிறது என்பதும் தெரியவந்தன.

ஒலி தேய்வது சொல்லும் செய்தி

இதுவரை பார்த்தது வேகத்தை. ஒலி போகப்போக எவ்வளவு தேய்கிறது என்பது இரண்டாவது சாட்சி. பியூலரின் குளிர்ந்த கட்டை 'தொப்' என்றதற்குக் காரணம் இதுதான். குளிர்நிலையில் நிட்டினாலின் உள்ளே படிகப் பகுதிகளுக்கிடையே எளிதாக நகரும் எல்லைகள் நிறைய இருக்கின்றன. அதிர்வின் ஆற்றலை அவை தமக்குள் நகர்ந்தே வெப்பமாக்கிவிடுகின்றன. சூடான நிலையில் அந்த எல்லைகள் இல்லை. ஆற்றல் எங்கும் வடியாமல் நெடுநேரம் ஒலிக்கிறது.

மீக்கடத்திகளில் இந்தத் தேய்மானம் அடிப்படை இயற்பியலுக்கே சான்றாக அமைந்தது. மிகக் குளிர்ந்த தூய உலோகத்தில் ஒலியை உறிஞ்சுவதில் எலக்ட்ரான்களுக்குப் பெரும்பங்கு உண்டு. உலோகம் மீக்கடத்தியானதும் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சோடி சேர்கின்றன என்றும், சோடியைப் பிரிக்க ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும் என்றும் 1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகியோரின் கோட்பாடு கூறியது. அது சரியானால், சோடியான எலக்ட்ரான்களால் மெல்லிய ஒலியலையின் ஆற்றலை வாங்க முடியாது. ஒலி தேயாமல் செல்ல வேண்டும். அதே ஆண்டில் மோர்ஸ், போம் இருவரும் மீயொலியின் தேய்மானத்தை அளந்து, வெப்பநிலை இறங்க இறங்க அது கோட்பாடு சொன்னபடியே சரிவதைக் காட்டினார்கள். மின்தடை சுழியாவதை அளந்தால் மீக்கடத்தி என்று மட்டும்தான் தெரியும். எலக்ட்ரான்கள் எப்படிச் சோடி சேர்ந்திருக்கின்றன என்ற குறிப்பை ஒலி கொடுத்தது.

இந்த வேலை முடிந்துவிடவில்லை. ஸ்ட்ரான்சியம் ருத்தனேட் என்ற மீக்கடத்தியில் சோடி சேரும் முறை என்ன என்பது நெடுநாள் விவாதம். 2021-இல் வெளிவந்த இரு தனித்தனி மீயொலி ஆய்வுகள், அது மீக்கடத்தியாகும் அதே வெப்பநிலையில் அதன் ஒரு குறிப்பிட்ட விறைப்பு எண் திடீரென்று சிறு தாவல் காட்டுவதைக் கண்டன. தாவல் மிகச் சிறியது. பத்து லட்சத்தில் சில பங்கு என்ற அளவிலான மாற்றங்களைப் பிடிக்கவல்ல கருவிகள் இருப்பதால்தான் தெரிந்தது. எளிய சோடிமுறையில் அந்தத் தாவல் வரக்கூடாது. ஆகவே அங்கே நடப்பது அதைவிடச் சிக்கலானது என்று தெரிகிறது. விவாதம் இன்னும் அடங்கவில்லை.

ஒளியும் ஒலியும்

திரவத்துக்குள் மீயொலி செல்லும்போது அடர்ந்தும் தளர்ந்தும் வரும் அடுக்குகள் ஒளிக்குக் கீற்றணி போலச் செயல்படும். இந்த விளிம்பு விளைவுக்கான கோட்பாட்டை 1935 முதல் பெங்களூரில் சர் சி. வி. இராமனும் நாகேந்திர நாத்தும் வகுத்தார்கள். நம் கல்லூரி ஆய்வகங்களில் ஒளிப்பட்டைகளின் கோணத்தை அளந்து திரவத்தில் ஒலிவேகம் காண்பது இந்த அடிப்படையில்தான்.

1980-களில் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் இதன் வேறொரு வடிவம் பிறந்தது. மிகக் குறுகிய லேசர் துடிப்பு ஒன்று உலோகப் படலத்தின் மேல் விழுகிறது. அந்த இடம் நொடிப்பொழுதில் சூடேறி விரிந்து, உள்ளே ஓர் ஒலித்துடிப்பை அனுப்புகிறது. அது அடிப்பரப்பில் மோதித் திரும்பும் கணத்தை இரண்டாவது லேசர் துடிப்பு படிக்கிறது. 100 நானோமீட்டர் தாமிரப் படலத்தில் இந்தப் பயணத்துக்கு ஆகும் நேரம் சுமார் 43 பிக்கோ வினாடி. ஒரு பிக்கோ வினாடி என்பது ஒரு வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. கணினிச் சில்லுத் தொழிற்சாலைகளில் உலோகப் படலங்களின் தடிமனைத் தொடாமலே அளக்க இம்முறை பயன்படுகிறது. பானை சுண்டும் அதே கணக்குதான். அளவுதான் நம்ப முடியாதபடி சிறியது.

பொருள் தானே எழுப்பும் ஒலி

வெள்ளீயக் கம்பியை வளைத்தால் அது முனகுவது போல ஒலி எழுப்பும். உள்ளே படிகங்கள் திடீரென்று திரும்பி அமைவதால் வருவது அது. ஏறக்குறைய எந்தப் பொருளும் சிதையும்போது ஒலி எழுப்பும். பெரும்பாலும் நம் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில். 1950-இல் மியூனிக்கில் யோசப் கைசர் தம் ஆய்வேட்டில் ஒரு முக்கியமான இயல்பைக் காட்டினார். ஒரு பொருளை ஒருமுறை குறிப்பிட்ட சுமைவரை ஏற்றி இறக்கினால், மறுமுறை ஏற்றும்போது அந்தப் பழைய சுமையைத் தாண்டும்வரை அது அமைதியாக இருக்கும். அப்படியானால், பழகிய சுமைக்குள்ளேயே ஒரு பொருள் புதிதாக ஒலியெழுப்பினால் அது நல்ல அறிகுறியல்ல. பாலம், அழுத்தக்கலம், கூட்டுப்பொருள் தொட்டி ஆகியவற்றில் உணரிகளைப் பதித்துக் காத்திருப்பது இந்த நம்பிக்கையில்தான்.

உணரி இருந்தால் மட்டும் போதாது என்பதை டைட்டன் நீர்மூழ்கியின் கதை காட்டிவிட்டது. டைட்டானிக் கப்பலின் சிதைவுகள் கிடக்கும் 3,800 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நாம் சுவாசிக்கும் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 380 மடங்கு. டைட்டனின் உடற்பகுதி சுமார் 13 சென்டிமீட்டர் தடிமனுள்ள கார்பன் இழை உருளை, இருமுனையிலும் டைட்டானியம். உருளையில் ஒலி உணரிகளும் திரிபு உணரிகளும் பொருத்தப்பட்டிருந்தன. 2022 ஜூலை 15 அன்று 80-ஆவது பயணத்தில் மேலே வரும்போது பெரிய வெடிப்பொலி ஒன்று கேட்டது. அதற்குப் பிந்தைய பயணங்களில் திரிபு அளவீடுகளின் போக்கும் மாறியிருந்தது. அந்த ஒலி அடுக்குகள் பிரிந்ததன் ஒலி என்றும், பதிவான தரவுகள் சரியாக ஆராயப்படவில்லை என்றும் அமெரிக்க விசாரணைகள் பின்னர் கூறின. கலம் சேவையில் தொடர்ந்தது. 2023 ஜூன் 18 அன்று ஐந்து பேரோடு அது நொறுங்கியது.

மண்பானைக்காரர் சுண்டிப் பார்த்துவிட்டு அடைத்த ஒலி வந்தால் பானையை ஓரமாக வைத்துவிடுவார். கருவிகள் நுட்பமாக நுட்பமாக, வருவது ஒலியாக இல்லாமல் கோப்பு கோப்பாக எண்களாகிவிடுகிறது. அதைப் படிக்கத் தெரிந்தவரும், படித்ததன்பேரில் வேலையை நிறுத்த அதிகாரமுள்ளவரும் இருந்தாக வேண்டும்.

ஒலிக்கு எட்டாதவை

ஒலியால் எல்லாம் தெரிந்துவிடும் என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. பருமணிகள் கொண்ட எஃகுப் பற்றவைப்புகளில் ஒவ்வொரு மணியும் ஒலியைச் சிதறடிக்கும். மழை இரைச்சலில் கூப்பிடு குரல் கேட்காதது போல, விரிசலின் எதிரொலி அதில் அமுங்கிவிடும். அதிர்வெண்ணைக் குறைத்தால் இரைச்சல் குறையும். கூடவே சிறு விரிசலும் கண்ணுக்கு மறையும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

இவற்றில் மிகக் கடினமானது பசை ஒட்டு. இரு தகடுகளுக்கிடையே பசை நிரம்பியிருக்கிறது, காற்றிடைவெளி இல்லை, ஆனால் ஒட்டும் முன் பரப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததால் பிடிப்பு மட்டும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். தகடுகள் தொட்டுக்கொண்டிருப்பதால் மெல்லிய ஒலியலை தடையின்றிக் கடந்துவிடும். நல்ல ஒட்டுக்கும் இதற்கும் எதிரொலியில் வேறுபாடு தெரியாது. பிய்த்தால் மட்டும் கையோடு வந்துவிடும். ஒலி அளப்பது விறைப்பை. நமக்கு இங்கே வேண்டியதோ வலிமை. இரண்டும் ஒன்றல்ல. அலையைச் சற்று வலுவாக அனுப்பி, தளர்ந்த இடத்தில் அது உருக்குலைந்து இருமடங்கு அதிர்வெண்ணில் எழுப்பும் மெல்லிய துணையொலியைத் தேடும் முறைகள் ஆய்வகங்களில் நடந்துவருகின்றன. தொழிற்சாலைத் தளத்தில் எல்லா ஒட்டுக்கும் நம்பத்தக்க சோதனையாக அது இன்னும் வந்துசேரவில்லை. அதனால்தான் விமானங்களின் முக்கியமான இணைப்புகளில், பசை மட்டுமே போதும் என்று கணக்கு சொன்னாலும், பொறியாளர்கள் பல இடங்களில் கூடவே தறையாணிகளையும் அடித்துவைக்கிறார்கள்.